குழந்தை திக்கிப் பேசுகிறதா? எங்கே போவது, என்ன கொண்டு போவது, எவ்வளவு ஆகும்

என் மகனுக்கு மூன்றேகால் வயதில் பேச்சு திக்க ஆரம்பித்தது. முதல் நாள் சிரித்துவிட்டோம், விளையாட்டுக்குச் செய்கிறான் என்று. ஒரு வாரத்தில் "அப்பா" என்று கூப்பிடவே "அ... அ... அ..." என்று நான்கைந்து தடவை தட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்ல வேண்டிய நிலை. சரியான ஆளிடம் போய்ச் சேர எங்களுக்கு 14 மாதம் ஆனது. அதில் பெரும்பகுதி யாரோ சொன்ன வழியில் போய்த் திரும்பி வந்ததுதான். அந்த 14 மாதத்தை உங்களுக்கு இரண்டு வாரமாகக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறேன். நாங்கள் கும்பகோணம் பக்கம், அதனால் ஊர் விவரங்கள் அந்த வட்டாரத்தை ஒட்டி இருக்கும்.

1. முதலில், இது திக்கல்தானா?

இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பேச்சு மடமடவென்று வளரும்போது எல்லாப் பிள்ளைகளுமே கொஞ்சம் தடுமாறும். "எனக்கு எனக்கு பால் வேணும்", "நான் வந்து... நான் வந்து..." என்று முழு வார்த்தையை இரண்டு தடவை சொல்வதெல்லாம் கணக்கில் வராது. கவனிக்க வேண்டியவை வேறு. வார்த்தையின் முதல் எழுத்தோ அசையோ மூன்று நான்கு தடவை திரும்புவது ("ப ப ப பந்து"), ஒலி இழுபடுவது ("ஸ்ஸ்ஸ்கூல்"), வாய் திறந்திருக்கும் ஆனால் சத்தமே வராமல் அடைத்து நிற்பது. இந்தக் கடைசி வகையைத்தான் நாங்கள் ரொம்ப நாள் "யோசிக்கிறான்" என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கூடவே கண் சிமிட்டல், தலையை ஆட்டுவது, காலைத் தரையில் தட்டுவது இருந்தால் குழந்தை உள்ளே போராடுகிறது என்று அர்த்தம்.

பயப்படவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம். நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், அதில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவோ பயிற்சியாலோ சரியாகிவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது. "தானா சரியாயிடும்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்தது அந்த முக்கால்வாசியை. உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், குடும்பத்தில் பெரியவர் யாருக்காவது இன்னும் திக்கல் இருந்தால், அல்லது குழந்தையே பேசத் தயங்க ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கு நிலைத்துவிடும் வாய்ப்பு பெண் பிள்ளைகளைவிட அதிகம். எங்கள் வீட்டில் என் பெரியப்பாவுக்கு உண்டு. அது ஒன்றுக்காகவே முதல் மாதமே போயிருக்க வேண்டும்.

(வளர்ந்த பிள்ளைக்குத் தலையில் அடிபட்டோ, வலிப்புக்குப் பிறகோ திடீரென்று தொடங்கினால் அது வேறு விஷயம். நேராக நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.)

2. வீடியோவும் ஒரு நோட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ஏனென்றால் டாக்டர் முன்னால் பிள்ளை திக்காது. நாங்கள் முதல் தடவை போனபோது "உன் பேர் என்னடா" என்று கேட்டார், சட்டென்று சொல்லிவிட்டான், "நல்லாத்தானே பேசுறான், நீங்கதான் டென்ஷன் ஆகுறீங்க" என்று அனுப்பிவிட்டார். ஐந்து மாதம் அதிலேயே போனது.

போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோ நான்கு எடுத்து வையுங்கள். சாப்பிடும்போது, விளையாடும்போது, அக்கா தம்பியோடு சண்டை போடும்போது, வெளியாள் ஒருவரோடு பேசும்போது. பிள்ளைக்குத் தெரியாமல் எடுங்கள், கேமராவை முகத்துக்கு நேரே நீட்டினால் பேச்சே மாறிவிடும்.

அப்புறம் நாற்பது பக்க நோட்டு ஒன்று. தினமும் இரவு ஒரே ஒரு எண் எழுதுங்கள். 0 என்றால் அன்று திக்கவே இல்லை, 9 என்றால் இதைவிட மோசமாக இருக்க முடியாது. பேச்சுப் பயிற்சியாளர்களும் இதே மாதிரி அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள். பக்கத்தில் அன்று என்ன நடந்தது என்று நான்கு வார்த்தை: காய்ச்சல், விருந்தாளி, தூக்கம் குறைவு.

இந்த நோட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. திக்கல் அலை மாதிரி, மூன்று வாரம் ஏறும், இரண்டு வாரம் இறங்கும், காரணமே இல்லாமல். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஏதாவது மருந்து கொடுப்போம், அது இறங்கும்போது மருந்துதான் இறக்கியது என்று நினைப்போம். அத்தை சொன்ன வசம்பு "கேட்டதும்", மாமா சொன்ன லேகியம் "கேட்டதும்" இப்படித்தான். எங்கள் நோட்டில் எந்த வைத்தியமும் செய்யாத மாதத்தில்கூட 7 என்பது 2 ஆக இறங்கியிருக்கிறது.

3. போகக் கூடாத கதவுகள்

சரி, எங்களுக்குக் காசும் காலமும் போன இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

நாக்குக்கு அடியில் இருக்கும் ஜவ்வை வெட்டினால் சரியாகும் என்று ஒருவர் 18,000 ரூபாய் சொன்னார். நல்லவேளை செய்யவில்லை. திக்கல் நாக்கில் இருப்பது இல்லை, பேச்சுக்கான அசைவுகளை மூளை சரியான நேரத்தில் ஒருங்கிணைப்பதில் வரும் சிக்கல், அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. நாக்கில் பிரச்சினை என்றால் பாடும்போதும் திக்க வேண்டுமே? என் மகன் பாட்டு முழுசாகப் பாடுவான், ஒரு இடத்தில்கூட நிற்காது.

பத்து நாள் பேச்சுப் பயிற்சி முகாம் ஒன்றில் 12,000 ரூபாய் கட்டினோம். கைதட்டிக்கொண்டே அசை அசையாகப் பேச வைத்தார்கள், பத்தாவது நாள் மேடையில் அழகாகப் பேசினான், நாங்கள் அழுதேவிட்டோம். வீட்டுக்கு வந்து ஒன்பது நாளில் பழையபடி. தாளத்துக்குப் பேசினால் திக்குகிற பெரும்பாலோருக்கும் அந்த நேரத்துக்குத் திக்கல் போய்விடும். அந்த உடனடி மாற்றத்தைக் காட்டித்தான் "21 நாளில் குணம்" என்று சுவரில் எழுதுகிறார்கள். நாள் கணக்குச் சொல்லி உத்தரவாதம் தருகிற யாரிடமும் போகாதீர்கள். திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை எதுவும் இல்லை, ஆகவே மாத்திரையும் வேண்டாம். வாயில் கூழாங்கல் போட்டுப் பேச வைப்பது ஆபத்து, தொண்டையில் போய் மாட்டிக்கொள்ளும்.

கோயில் விஷயத்தில் நான் சண்டைக்கு வரமாட்டேன். சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகிக்குத் தேன் வைத்து, அதைப் பிள்ளை நாக்கில் தடவினோம், என் அம்மாவுக்கு அதில் நிம்மதி. போய் வாருங்கள். ஆனால் வேண்டிக்கொண்டாயிற்று, பார்ப்போம் என்று ஆறு மாதம் உட்காராதீர்கள், நாங்கள் உட்கார்ந்தோம்.

4. போக வேண்டிய கதவு

நீங்கள் தேட வேண்டியவர் பேச்சுப் பயிற்சியாளர், அதாவது ஸ்பீச் தெரபிஸ்ட். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற நான்கு வருடப் படிப்பு முடித்திருக்க வேண்டும், அதற்கு மேல் முதுகலையும் உண்டு. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருப்பார், அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தகுதியுள்ளவர் கோபப்படமாட்டார், சுவரிலேயே மாட்டியிருப்பார். சிறப்புக் குழந்தைகளுக்கான தெரபி மையங்கள் இப்போது தெருவுக்கு ஒன்று வந்துவிட்டன, அங்கே மூன்று மாதக் கோர்ஸ் முடித்த ஆட்களும் ஸ்பீச் தெரபி கொடுக்கிறார்கள். எண்ணைக் கேட்ட பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "திக்கல் உள்ள பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?" பேச்சு தாமதமான பிள்ளைகளை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு இது கைவராமல் இருக்கலாம்.

காசில்லாமல் தொடங்க வேண்டும் என்றால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே பார்க்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள். பிறப்பிலிருந்து 18 வயது வரை பார்க்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடக்கும் மையம் அது. அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் வரும் நாளை அங்கன்வாடி ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் அங்கிருந்தே சீட்டு எழுதி அனுப்புவார்கள். எனக்கு இது தெரிந்தபோது நாங்கள் தனியாரிடம் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அங்கே காது கேளாத பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் என்று கூட்டம் அதிகம், அடுத்த தேதி தள்ளித் தள்ளி வரலாம். வாரம் ஒரு முறை கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் விரிவான பரிசோதனை வேண்டும் என்றால் மைசூரில் மானசகங்கோத்ரி வளாகத்தில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். 1965 முதல் இயங்கும் மத்திய அரசு நிறுவனம், திக்கலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக மைசூருக்கு இரவு ரயில் இருக்கிறது, காலையில் இறங்கி நேராகப் பதிவு கவுன்டருக்குப் போகலாம். ஒரே நாளில் முடிந்துவிடும் என்று திரும்பும் டிக்கெட் போடாதீர்கள், இரண்டு நாள் ஒதுக்குங்கள். தமிழ் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும் என்று பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

பிறப்புச் சான்றிதழ் நகல், குழந்தையின் ஆதார் (இன்னும் எடுக்கவில்லை என்றால் உங்களுடையது), தடுப்பூசி அட்டை, பிரசவத்தின்போது மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, இதற்கு முன் பார்த்த மருத்துவர்களின் சீட்டுகள். காது கேட்கும் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று இருந்தால் ஒரு நடை மிச்சம். பெரும்பாலும் முதலில் அதைத்தான் எடுத்து வரச் சொல்வார்கள். வெளியே எங்களுக்கு 500 ரூபாய் ஆனது, அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பார்த்துவிட்டு வெளியே போங்கள். குழந்தை எப்போது உட்கார்ந்தது, நடந்தது, முதல் வார்த்தை எப்போது சொன்னது என்று கேட்பார்கள், அங்கே போய் மனைவியும் நானும் வாதாடினோம், நீங்கள் வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். நோட்டும் வீடியோவும் கண்டிப்பாக.

எம்.ஆர்.ஐ. (மூளை ஸ்கேன்), இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். வலிப்பு, அடிபட்டது என்று வேறு அறிகுறி எதுவும் இல்லாத சாதாரணத் திக்கலுக்கு அவை தேவைப்படுவதில்லை.

6. காசும் காலமும்

எங்கள் கணக்கை அப்படியே வைக்கிறேன். தஞ்சாவூரில் முதல் பரிசோதனை 1,200 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அப்புறம் வாரம் ஒரு நாள் 45 நிமிடம், ஒவ்வொன்றும் 600 ரூபாய், ஏழு மாதத்தில் 26 தடவை, ஆக 15,600. காது பரிசோதனையும் சேர்த்து 17,300. பஸ் செலவு தனி. பெரிய ஊர்களில் கட்டணம் இதைவிட அதிகம் இருக்கும். பின்பாதியை வீடியோ காலில் முடித்துக்கொண்டோம், அதே கட்டணம்தான், ஆனால் அரை நாள் லீவு மிச்சம். என் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை, கேட்டு அலைந்ததுதான் மிச்சம்.

"பத்து தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை" என்றால் கட்ட வேண்டாம். முதல் மூன்று தடவையில் அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாரா, இல்லை பிள்ளையை மட்டும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்துகிறாரா என்று பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிறவர் வேண்டாம்.

ஏனென்றால் அந்த வயதில் வேலை முழுக்க நம்முடையது. நாங்கள் செய்தது லிட்கோம் முறை, ஆஸ்திரேலியாவில் சிட்னியில் உருவானது. தினமும் 15 நிமிடம் அப்பாவோ அம்மாவோ பிள்ளையோடு உட்கார்ந்து, திக்காமல் வரும்படி எளிதான விளையாட்டு விளையாட வேண்டும். பேச்சு வழுக்கிக்கொண்டு வரும்போது "சூப்பர், சறுக்குமரம் மாதிரி வந்துச்சு" என்று சொல்ல வேண்டும். எப்போதாவது ஒரு தடவை மட்டும் "அது கொஞ்சம் ஒட்டிக்கிச்சு, இல்ல?" கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பாராட்டுக்கும் திருத்தத்துக்கும் உள்ள அளவு தவறினால் பிள்ளை பேச்சையே குறைத்துவிடும். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் முறைகளே வேறு: மெல்லத் தொடங்குவது, அடைத்த இடத்தில் இறுக்காமல் தளர்த்தி வெளியே வருவது, திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பது. அங்கே திக்கலே இல்லாமல் செய்வது குறிக்கோள் இல்லை, பேசப் பயப்படாமல் இருப்பதுதான்.

7. வீட்டில்

"மெதுவா பேசு", "மூச்சு விட்டுட்டுப் பேசு", "யோசிச்சுப் பேசு". இந்த மூன்றையும் நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். நல்ல எண்ணத்தில்தான். பிள்ளைக்குக் கேட்பது "நீ பேசுறது தப்பு" என்பது மட்டும். அதற்குப் பதில் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் முடித்த பிறகு ஒரு நொடி விட்டு பதில் சொல்லுங்கள். வார்த்தையை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். அவன் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள். அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பதைக் குறையுங்கள். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணின, யார்கூட விளையாடின, டிபன் சாப்பிட்டியா" என்று ஒரே மூச்சில் கேட்டால் எனக்கே திக்கும்.

எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் வந்தது இரவு பத்து நிமிடத்தில். டிவி இல்லை, போன் இல்லை, அக்கா குறுக்கே பேசக் கூடாது, அவன் மட்டும் பேசுவான். அக்காவுக்கு அடுத்த பத்து நிமிடம்.

சொந்தக்காரர்களின் வீடியோ கால் தனிப் பிரச்சினை. "மாமாவுக்கு ஹலோ சொல்லு, ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று போனை முகத்தில் நீட்டுவதை நிறுத்துங்கள். விருந்தாளி முன்னால் "இவனுக்குக் கொஞ்சம் திக்கும்" என்று குசுகுசுப்பதையும். அதே சமயம் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம். அவனாகவே ஒரு நாள் "ப்பா, வார்த்தை ஒட்டிக்கிது" என்றான். நான் பேச்சை மாற்றிவிட்டேன், இன்னமும் அது உறுத்துகிறது. "ஆமாடா, சில சமயம் ஒட்டிக்கும், பரவாயில்ல, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னாலே போதும் என்று பிறகுதான் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லை. இங்கிலீஷை நிறுத்து, தமிழை நிறுத்து என்று யார் சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

8. பள்ளிக்கூடம்

ஜூன் முதல் வாரமே வகுப்பு ஆசிரியரை நேரில் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்கி. நாங்கள் கேட்டவை: வருகைப் பதிவில் "உள்ளேன் மிஸ்" என்று சொல்ல முடியாவிட்டால் கையைத் தூக்கட்டும், வரிசையாக எழுப்பிக் கேள்வி கேட்கும்போது கடைசி ஆளாகக் காத்திருக்க வைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள், காத்திருக்கக் காத்திருக்கத்தான் அடைப்பு ஏறும், வாய்மொழித் தேர்வைத் தனியாக வையுங்கள், யாராவது பேசிக் காட்டிக் கிண்டல் செய்தால் அன்றே எனக்குச் சொல்லுங்கள். ஆண்டுவிழாவில் அவனாகக் கைதூக்கினால் தடுக்காதீர்கள் என்றும் சேர்த்தோம்.

ஆசிரியர் கட்டாயம் கேட்பார்: "குறள் ஒப்பிக்கும்போது நல்லாத்தானே சொல்றான், அப்ப இது வேணும்னே பண்றதுதானே?" பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடமாக ஒப்பிப்பது, எல்லோரோடும் சேர்ந்து சொல்வது, பாடுவது எல்லாம் திக்கலுக்கு எளிது. தானாக வார்த்தை தேடிப் பேசுவது கடினம். எல்லாவற்றையும்விடக் கடினம் தன் பெயரைச் சொல்வது, ஏனென்றால் அதற்கு மாற்று வார்த்தை கிடையாது. "தண்ணி" வராவிட்டால் "தாகமா இருக்கு" என்று மாற்றிச் சொல்லித் தப்பிக்கும் பிள்ளை பெயரில் மாட்டிக்கொள்ளும். இதைச் சொன்னபோதுதான் அந்த மிஸ்ஸின் முகம் மாறியது.

9. மாற்றுத்திறனாளி சான்றிதழ்

நிறையப் பேர் இதற்கு அலைகிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்பது குரல்வளையை அகற்றியது, மூளைப் பாதிப்பால் மொழி போனது மாதிரியான உடல், நரம்புக் காரணங்களால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று வரையறுத்திருக்கிறார்கள். சிறுவயதில் தொடங்கும் சாதாரணத் திக்கல் வழக்கமாக அதற்குள் வருவதில்லை. என்னிடம் ஒருவர் 5,000 கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம். பள்ளிக்குப் பயிற்சியாளரின் கடிதமே போதுமானதாக இருந்தது.

10. குறைந்த பிறகு

நோட்டில் 0, 1 என்றே வாரக் கணக்கில் வர ஆரம்பித்ததும் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மாதம் ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இடைவெளியைக் கூட்டி ஒரு வருடமாவது தொடர வேண்டும். இப்போது அவனுக்கு ஏழு வயது. புது வகுப்பு, காய்ச்சல், வீடு மாறியது என்று மூன்று தடவை திரும்ப ஏறியது, மூன்று தடவையும் இரண்டு மாதத்துக்குள் இறங்கியது. எங்கள் பயிற்சியாளர் வைத்த கணக்கு: இரண்டு வாரம் தொடர்ந்து 3க்கு மேல் போனால் போன் செய்ய வேண்டும். அதனால் நோட்டையும் ஃபைலையும் பரணில் போடவில்லை, பீரோவில் ரேஷன் கார்டு இருக்கும் தட்டிலேயே வைத்திருக்கிறோம்.